தென்பாறைக்காரர்கள்

இங்கிலாந்தின் வட பாகத்தில் யார்க்ஷயர் என்று ஒரு பெரிய ஜில்லா இருக்கிறது. அதில் லீட்ஸ் என்பது பெரிய பட்டணம். அந்தப் பட்டணத்தின் ஓரத்தில் ஹெட்டிங்லி என்பது ஒரு பேட்டை. கிரிக்கெட் ஆட்டத்தில் சிறிதேனும் பற்றுள்ள நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹெட்டிங்லி மைதானத்தின் பெயர் மனப்பாடம். அந்த மைதானத்தின் ஒரு வாயிலில், 1965-ம் வருஷத்தில், ஓர் ஆட்டக்காரரைக் கௌரவிப்பதற்காக இரும்புக் கதவுகள் நிறுவினார்கள். அவர் பெயர் ஹெர்பர்ட் ஸட்கிளிப். நாம் அங்கே போய் நின்ற தினத்தில் ஆட்டம் ஒன்றும் இல்லை. லேசான தூறல் மட்டும் இருந்தது. அந்த ஊரில் தூறல் இல்லாத தினம்தான் விசேஷ தினம் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பெயர் நம்மை விடவில்லை. ஸட்கிளிப் என்றால் என்ன? அது யாருடைய பெயர்? நம் நாட்டில் சங்கீத வித்வான்களை ஊர்ப் பெயரைச் சொல்லியே அழைக்கிறோம். அரியக்குடி, செம்மங்குடி என்றால் போதும்; ஐயங்காரையும் ஐயரையும் சேர்க்க வேண்டியதில்லை. ஊரே ஆளாகிவிடுகிறது. ஆனால் நம்மவரிடத்தில் இது பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு உரிய சமாசாரம். மகன் வேறு ஊரில் வாழ்ந்தால் வேறு ஊர்க்காரனாகிவிடுவான். ஆங்கிலேயரோ ஒரு காலத்தில் பாட்டன் வாழ்ந்த மேட்டையும் பள்ளத்தையும் ஓடையையும் பெயராக்கிக்கொண்டு, அந்த மேட்டை விட்டு எங்கே போனாலும் அதைச் சுமந்துகொண்டே போகிறார்கள். ஸட்கிளிப் என்பது 'தெற்குப் பாறை' என்று பொருள்படும் பழைய வார்த்தை. தெற்குப் பாறைச் சரிவில் குடியிருந்தவன் தெற்குப் பாறைக்காரன். அந்தப் பாறை ஹாலிபாக்ஸ் பட்டணத்துக்குக் கிழக்கே ஹிப்பர்ஹோம் என்னும் ஊரில் இருந்ததென்று பெயர் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். சரி, பாறையைப் பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டோம்.

லீட்ஸில் ரயில் ஏறினால் பட்ஸி, பிராட்போர்டு இவற்றைக் கடந்து ஹாலிபாக்ஸுக்குப் போகலாம். பட்ஸியில் இறங்க வேண்டும் என்று மனம் துடித்தது; திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டோம். பிராட்போர்டுக்கு அப்பால் பூமி மேடும் பள்ளமுமாக மாறிவிடுகிறது. ரயில் குகைக்குள் நுழைவதும் வெளியே தலைகாட்டுவதுமாக ஓடுகிறது. வெளியே வரும்போதெல்லாம் செங்குத்தான பச்சைச் சரிவுகளும், அவற்றின்மேல் கறுத்த கல் வீடுகளும், வயல்களைப் பிரிக்கும் சுண்ணாம்பில்லாத கற்சுவர்களும் காண்கின்றன. கல்லுக்கு இயற்கை நிறம் கறுப்பு அன்று, தேன் நிறந்தான். இரு நூற்றாண்டு ஆலைப் புகை அதை அப்படிக் கறுக்க வைத்துவிட்டது.

ஹிப்பர்ஹோமில் 'இதோ பாருங்கள் பாறை' என்று காட்ட ஒருவரும் இல்லை. காட்டவேண்டிய அவசியமும் இல்லை. எத்திசையில் திரும்பினாலும் பாறைச் சரிவாகவே இருக்கும் ஊரில், தெற்கே உள்ளதைத் தெற்குப் பாறை என்று அழைத்தது இயற்கையே. இந்த மண்ணில் தானியம் நன்றாக விளையாது. ஈரமும் குளிரும் கல்லும் உள்ள நிலம். ஆடு வளர்க்கலாம்; அதன் மயிரை நூற்கலாம்; தறியில் நெய்யலாம். ஆகவே இந்தச் சரிவுகளில் வாழ்ந்தவர்கள் அரைப் பங்கு குடியானவர்களும் அரைப் பங்கு நெசவாளர்களுமாக இருந்தார்கள். நெய்த துணியை விற்பதற்காக ஹாலிபாக்ஸில் 1779-ம் வருஷம் ஒரு மாபெரும் துணி மண்டபம் கட்டினார்கள். நடுவே விசாலமான முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, 315 அறைகள். மண்டபம் இன்றும் நிற்கிறது. நெசவாளரின் பணத்தில் எழுந்த அதன் தூண்களைப் பார்த்தால் ஏதோ அரண்மனை என்றே நினைக்கத் தோன்றும்.

துணியின்மேல் இந்த ஊருக்கு இருந்த மதிப்பு இன்னொரு விதத்திலும் வெளியாகிறது. பதின்மூன்றரைப் பென்ஸ் பெறுமானமுள்ள பொருளைத் திருடியவனின் தலையை இயந்திரக் கத்தியால் துண்டிக்கும் உரிமை ஹாலிபாக்ஸுக்கு இருந்தது. பிரெஞ்சுக்காரர் தங்கள் புரட்சியில் அத்தகைய கத்தியை உபயோகிப்பதற்கு ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷங்களுக்கு முந்தியே, 1650-ல், ஹாலிபாக்ஸ் தன் கத்தியை ஓய வைத்துவிட்டது. உலரப்போட்ட துணியைத் திருடினவனுக்குத் தலை போயிற்று என்றால், நெய்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கேள்வி நம்மை இந்தப் பிரயாணம் முழுவதும் தொடர்ந்து வந்தது.

ஹிப்பர்ஹோமுக்கு அடுத்த பள்ளத்தாக்கு ஷிப்டன். அங்கே 1868-ல் பிறந்தவர் ஜான் வில்லி ஸட்கிளிப். பாறையை விட்டு அதிக தூரம் போகாத ஸட்கிளிப் இவர். கால்பந்தில் இரு வகை உண்டு. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது ஒன்று, காலால் மட்டும் உதைப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் இங்கிலாந்து தேசத்துக்காக ஆடிய மிகச் சிலரில் இவர் ஒருவர். கையாட்டத்திலிருந்து காலாட்டத்துக்கு அவர் ஏன் மாறினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் ஆடிய சங்கம், ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்ததென்று குற்றம் சாட்டப்பட்டுத் தள்ளி வைக்கப்பட்டது. காலாட்டத்திலோ சம்பளம் வாங்குவது அதற்குள் அங்கீகரிக்கப்பட்டிருந்தது. ஜான் வில்லி போல்டன் நகரத்துச் சங்கத்தில் சேர்ந்து கோல் காவலரானார்.

அந்தக் காலத்தில் சனிக்கிழமையும் ஆலை ஓடிற்று. ஆட்டத்துக்காக அரைநாள் வேலையை விட்டால் அரைநாள் கூலி போயிற்று. அந்தக் கூலியையாவது ஈடு செய்யுங்கள் என்று வடக்கத்திச் சங்கங்கள் கேட்டன. பணத்துக்காக ஆடுவது ஆட்டத்துக்கே இழுக்கு என்று லண்டனில் இருந்த கனவான்கள் மறுத்தார்கள். பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு அப்படிச் சொல்வது எளிது. 1895-ல் வடக்கத்திச் சங்கங்கள் ஹட்டர்ஸ்பீல்டு என்னும் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடித் தனி வழி போய்விட்டன. இன்றும் இங்கிலாந்தில் கையாட்டம் இரண்டு பிரிவாகவே இருக்கிறது.

ஹாலிபாக்ஸிலிருந்து மேற்கே இன்னும் சிறிது தூரம் போனால் ஹெப்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூர். அங்கிருந்து ஒரு கற்படிப் பாதை ஏறக்குறையச் சுவரைப்போலச் செங்குத்தாக மேலே போகிறது. திருப்பதிப் படி ஏறினவர்களுக்கு அது ஒரு பொருட்டன்று என்று சொல்லிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் அந்தப் பெருமை அடங்கிற்று. உச்சியில் இருப்பது ஹெப்டன்ஸ்டால். கல் பாவிய தெரு, கல் வீடு, கல் கூரை. வீடுகளின் மேல் மாடியில் வரிசை வரிசையாக நெருக்கமான ஜன்னல்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே சுவரைவிட ஜன்னல் அதிகம். காஞ்சீபுரத்திலும் ஸேலத்திலும் தறிக்குழியின் முன் குனிந்திருப்பவர்களைப் பார்த்த கண்ணுக்கு, அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையைக் கற்பனை செய்வது கடினமாக இல்லை.

அங்கே ஒரே முற்றத்தில் இரண்டு மாதாகோயில்கள் இருக்கின்றன. ஒன்று 1847-ல் புயலடித்துச் சேதமாகிக் கூரையில்லாமல் நிற்கும் பழைய கோயில். மற்றொன்று அதற்குப் பதிலாகக் கட்டிய புதியது. இரண்டுக்கும் இடையே தரையே தெரியாதபடி கல்லறைக் கற்கள் பாவப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல்தான் நடக்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளூர்க் குழந்தைகள் கூச்சமின்றி ஓடினார்கள். குனிந்து படித்தோம். ஸட்கிளிப், கிரீன்வுட், மறுபடியும் ஸட்கிளிப். மழையில் பாதி எழுத்துத் தேய்ந்தவை பல. சில கற்களில் குழந்தைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கைந்து; வயதை மாதக் கணக்கில் போட்டிருந்தார்கள். புகழ் பெற்றவர்களைத் தேடி வந்த நாம், புகழே பெறாத இத்தனை ஸட்கிளிப்புகளை மிதித்துக்கொண்டு நின்றோம்.

திரும்புகையில் பட்ஸியில் இறங்கினோம். ஒரு காலத்தில் பட்ஸியில் ஆலைக் கரி கண்ணில் விழாமல் இருப்பதற்காகப் பறவைகள் பின்புறமாகப் பறக்கும் என்று அண்டை ஊரார் கேலி செய்வார்களாம். இப்போது புகை இல்லை. கேலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தச் சிறிய ஊரில்தான் ஹெர்பர்ட் ஸட்கிளிப் வளர்ந்தார். அவர் பிறந்தது 1894 நவம்பரில், நிட்டர்டேல் என்னும் பள்ளத்தாக்கில் ஸம்மர்பிரிட்ஜ் என்ற கிராமத்தில். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பட்ஸிக்கு வந்துவிட்டது. நான்கு வயதுக்குள் தகப்பனார் காலமானார். பத்து வயதுக்குள் தாயாரும் போய்விட்டார். தகப்பனாரின் சகோதரிகள் மூவர் அவரை எடுத்து வளர்த்தார்கள். பக்தியும் கண்டிப்பும் நிறைந்த அத்தைமார். பதின்மூன்றாம் வயதில் பையனைப் பூட்ஸ் தொழிற்சாலையில் தோல் வெட்டக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். பிறகு ஓர் ஆலையில் கணக்கு எழுதினார்.

1914-ல் ஆரம்பித்த மகாயுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, சிப்பாயாகப் போனவர் உத்தியோகஸ்தராகத் திரும்பினார். 1919-ல் யார்க்ஷயர் கோஷ்டியில் ஆட ஆரம்பித்தார். அதன்பின் அவர் அடித்த ரன்களைக் கூட்டினால் ஐம்பதினாயிரத்துக்கு மேல் வருகிறது. டெஸ்ட் பந்தயங்கள் ஐம்பத்து நான்கில் அவருடைய சராசரி 60.73. இங்கிலாந்துக்காக நீண்ட காலம் ஆடியவர்களில் இதைவிட உயர்ந்த சராசரி உள்ளவர் ஒருவரும் இல்லை. ஆயினும் அழகாக ஆடுகிறவர் என்று அவரைச் சொன்னவர்கள் குறைவு. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத வெள்ளை உடை, முகத்தில் சலனமில்லாத அமைதி. பந்து மார்பில் பட்டாலும், தப்பாக அடித்து மயிரிழையில் தப்பினாலும், ஒன்றும் நடவாததுபோல் அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பார். பத்து வயதுக்குள் தாயை இழந்த பையன் கற்றுக்கொண்ட நிதானம் அது என்று நமக்குத் தோன்றுகிறது.

அவருக்கு ஜோடியாக ஆடியவர் ஸர்ரே ஜில்லாவின் ஜாக் ஹாப்ஸ். 1926 ஆகஸ்டில், லண்டன் ஓவல் மைதானத்தில், ஆஸ்திரேலியாவை எதிர்த்து நடந்த பந்தயம் ஒன்று. இரவில் மழை பெய்து, காலையில் வெயில் காய்ந்து, பந்து எங்கே எழும்பும் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாத ஆடுகளம். இருவரும் அதில் நின்று 172 ரன் சேர்த்தார்கள். ஹாப்ஸ் 100, ஸட்கிளிப் அன்று மாலை கடைசி ஓவர் வரையில் நின்று 161. பதினான்கு வருஷங்களாக இங்கிலாந்துக்குக் கைகூடாதிருந்த வெற்றி அந்தப் பந்தயத்தில் கிடைத்தது. இரண்டு மாதத்தில் ஸட்கிளிப்புக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தைக்கு வில்லியம் ஹெர்பர்ட் ஹாப்ஸ் ஸட்கிளிப் என்று பெயரிட்டார். சினேகிதனின் பெயரை நடுவில் வைத்துத் தன் பெயரால் இருபுறமும் கட்டிவிட்டார். இந்தக் குழந்தையை நேயர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1932 ஜூன் 15-ந் தேதி, எஸெக்ஸ் ஜில்லாவின் லேட்டன் மைதானத்தில், ஸட்கிளிப்பும் பெர்ஸி ஹோம்ஸும் ஆடத் தொடங்கினார்கள். அன்று முழுவதும் எஸெக்ஸுக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை, மறுநாளும் ஆடினார்கள். 1898-ல் இதே யார்க்ஷயர்க்காரர் இருவர் சேர்த்த 554 ரன் உலகத்திலேயே அதிகமாக இருந்தது. அவ்விருவரில் ஒருவரான டன்னிகிளிப்பும் பட்ஸிக்காரரே. பலகையில் 555 விழுந்ததும் ஸட்கிளிப் வேண்டுமென்றே மட்டையை அலட்சியமாக வீசி ஆட்டமிழந்தார். படம் பிடிப்பதற்காகப் பலகையின் கீழே வந்து நிற்கையில், பலகை 554 என்று மாறிற்று! கணக்கர்களிடையே ஒரு ரன் தகராறு. நல்ல வேளையாக எழுதாமல் விட்ட ஒரு 'நோ-பால்' அகப்பட்டு, 555 நிலைத்தது. ஆலையில் கணக்கு எழுதிய மனிதருக்கு ஒரு ரன் கணக்கில் நேர்ந்த கண்டம் அது. யார்க்ஷயர் ஓர் இன்னிங்ஸும் 313 ரன்னும் அதிகமாக எடுத்து ஜெயித்தது. ஸட்கிளிப் தாம் அடித்ததும் சரியாக 313!

இனி வருவதுதான் நமக்கு இனிப்பான பகுதி. ஒன்பது தினங்கள் கழித்து, ஜூன் 25-ந் தேதி, லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடிற்று. இங்கிலாந்துக்கு முதலில் இறங்கியவர்கள் அதே ஹோம்ஸும் ஸட்கிளிப்பும். 555 அடித்த ஜோடி. எதிரே உலகம் அறியாத இந்தியப் பிள்ளைகள். முகம்மது நிஸார் ஓடி வந்து வீசினார். ஸட்கிளிப்பின் விக்கெட் பறந்தது; 3 ரன். மறுபடி வீசினார். ஹோம்ஸின் விக்கெட்டும் பறந்தது, 6 ரன். மலேயாவில் பிறந்த லால் சிங் என்னும் சீக்கிய வாலிபர் பந்தைப் பாய்ந்து எடுத்து எறிந்து வுல்லியை ரன் அவுட் ஆக்கினார். 19 ரன்னுக்கு 3 விக்கெட்! பந்தயத்தில் கடைசியில் நாம் 158 ரன்னில் தோற்றோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்த முதல் அரைமணி நேரத்தை நம்மிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஹோம்ஸுக்கு அதுவே கடைசி டெஸ்ட் பந்தயம். இதற்கு முன் 1930-31-ல் விஜயநகரம் மகாராஜகுமாரரின் கோஷ்டியோடு ஹாப்ஸும் ஸட்கிளிப்பும் இந்தியாவிலும் இலங்கையிலும் வந்து ஆடிப் போயிருக்கிறார்கள். நம்மவரைப் பற்றி அவருக்குச் சிறிது தெரிந்தே இருக்கும்.

இத்தனை பெரிய ஆட்டக்காரர் தம் ஜில்லாவுக்குத் தலைவரானதில்லை. அதற்குத் திறமைக்குறைவு காரணம் அன்று, ஜாதி காரணம். ஆம், இங்கிலாந்திலும் ஜாதி உண்டு. ஆட்டத்தைப் பொழுதுபோக்காக ஆடியவர்கள் 'கனவான்கள்'. சம்பளத்துக்கு ஆடியவர்கள் 'ஆட்டக்காரர்கள்'. ஒரே கோஷ்டியில் ஆடினாலும் பல மைதானங்களில் உடை மாற்ற வேறு அறை, உள்ளே வர வேறு வாசல். அச்சடித்த ஆட்டப் பட்டியலில்கூடப் பேதம். கனவான் என்றால் பெயருக்கு முன்னால் மரியாதைச் சொல்லும் தலைப்பெழுத்துக்களும் வரும். சம்பளக்காரன் என்றால் மொட்டையாகக் குடும்பப் பெயர், தலைப்பெழுத்துப் போட்டாலும் பின்னால். ஸட்கிளிப் என்ற பெயரைத் தேடி வந்த நமக்கு, அந்தப் பெயரை எந்த இடத்தில் அச்சிடுவது என்பதிலேயே இத்தனை அரசியல் இருப்பது வியப்பாக இருந்தது. கோஷ்டியின் தலைவர் கனவானாகவே இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவருக்கு ஆட்டம் தெரிவது அவ்வளவு அவசியமில்லை.

1927 இறுதியில் யார்க்ஷயர் கமிட்டியார் துணிந்து ஸட்கிளிப்பைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அப்போது தென்னாப்பிரிக்காவில் சுற்றுப் பிரயாணத்தில் இருந்தார். ஊரில் ஒரே அமளி. கூலிக்காரன் தலைவனாவதா என்றார்கள் சிலர். கூலிக்காரனே ஆகலாமென்றால் மூத்தவரான வில்பிரட் ரோட்ஸ் இருக்க இவர் எப்படி என்றார்கள் வேறு சிலர். ஸட்கிளிப் தந்தியடித்தார்: கௌரவத்துக்கு வந்தனம், ஏற்பதற்கில்லை, யார் தலைவரானாலும் அவருக்குக் கீழே ஆடச் சித்தம். அடுத்த வருஷம் ஒரு கனவான் தலைவரானார்.

இதைப் படித்து நாம் முகத்தைச் சுளிப்பதற்கு முன், நம் வீட்டுத் திண்ணையையும் பார்த்துக்கொள்வது நல்லது. பல்வங்கர் பாலு என்னும் மகாராஷ்டிரப் பந்தாட்டக்காரர் 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்தியக் கோஷ்டிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்பதால் ஹிந்துக் கோஷ்டியின் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அது கிடைத்தது. அங்கே பணம், இங்கே பிறப்பு. வாசலில் நிறுத்தி வைக்கும் வித்தை இரண்டு தேசத்துக்கும் தெரிந்திருந்தது.

ஹாப்ஸின் பெயரைத் தாங்கிய குழந்தை என்ன ஆனான்? தகப்பனார் லீட்ஸில் விளையாட்டுச் சாமான் கடை வைத்துச் செழித்திருந்தார். மகன் சம்பளம் வாங்காமல் ஆட முடிந்தது. ஆகவே மகன் கனவான்! 1956-லும் 1957-லும் யார்க்ஷயர் கோஷ்டிக்கு அவரே தலைவர். ஐம்பதினாயிரம் ரன் அடித்த தகப்பனாருக்கு எட்டாத பதவி, அதில் ஒரு சிறு பங்கே அடித்த மகனுக்கு எட்டியது. தகப்பனாருக்கு இது சந்தோஷமா, வருத்தமா? இரண்டும் இருந்திருக்கும்; சந்தோஷமே அதிகம் என்று பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள். 1962 இறுதியில் கனவான், ஆட்டக்காரன் என்ற பேதமே ரத்து செய்யப்பட்டது. அதற்குள், 1952-ல், ஒரு சம்பளக்காரர் இங்கிலாந்துக்கே தலைவராகிவிட்டார். அவர் லென் ஹட்டன்; அவரும் பட்ஸிக்காரர். தலைமை வகித்த முதல் பந்தயம் அதே ஹெட்டிங்லியில், நம்மை எதிர்த்து. அதில் நம்மவர் இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்கும் முன் 4 விக்கெட்டை இழந்தார்கள். நிஸார் 1932-ல் கொடுத்ததை யார்க்ஷயர்க்காரர் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

யார்க்ஷயரின் கீழ்க் கரையில் விட்பி என்ற மீன்பிடி துறைமுகம். அங்கே ஒரு தினம் தங்கினோம். பிராங்க் மெடோ ஸட்கிளிப் என்பவர், 1853-ல் ஹெட்டிங்லியில் பிறந்து, இங்கே வந்து படம் பிடிக்கும் தொழில் நடத்தினார். கடைக்கு வந்த சீமான்களின் முகங்களைப் பிடித்துப் பிழைத்தார். ஓய்ந்த வேளைகளில் பெரிய மரப் பெட்டிக் காமிராவைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், வலை பின்னும் கிழவரையும், கூடை சுமக்கும் பெண்களையும், மூடுபனியில் நிற்கும் படகுகளையும் பிடித்தார். இன்று உலகம் நினைப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். 1886-ல் தண்ணீரில் அம்மணமாக விளையாடும் சிறுவர்களைப் பிடித்த படம் ஒன்று. உள்ளூர்ப் பாதிரிமார் அவரைச் சபையிலிருந்து விலக்கினார்கள். இளவரசர் எட்வர்டோ அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்றை விலைக்கு வாங்கினார்! கோவணமும் இல்லாமல் காவேரியில் குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நமக்குப் பாதிரிமாரின் கோபம் புரியவில்லை.

இன்னும் பலர் உண்டு. 'பீட்டில்ஸ்' என்ற பாட்டுக் கோஷ்டி புகழ் அடைவதற்கு முன் அதில் இருந்து, சித்திரம் எழுதுவதற்காக விலகி, 1962-ல் இருபத்தொரு வயதில் ஹாம்பர்க் நகரில் மாண்ட ஸ்டூவர்ட் ஸட்கிளிப் ஒருவர். பெயரில் கடைசி எழுத்து ஒன்று குறைந்தவரும், சிறு வயது முதல் மூட்டு நோயால் நடக்க இயலாதிருந்தும் ரோமர் காலத்துக் கதைகளைச் சிறுவர்களுக்கு எழுதியவருமான ரோஸ்மேரி ஸட்கிளிப் அம்மையார் ஒருவர். இப்பெயருக்குப் பழி சேர்த்தவனும் ஒருவன் உண்டு. 1975 முதல் 1980 வரையில் பதின்மூன்று பெண்களைக் கொன்று, லீட்ஸ், பிராட்போர்டு நகரங்களில் இரவில் பெண்கள் வெளியே வர அஞ்சும்படி செய்தவன். யார்க்ஷயருக்கு வெளியே அநேகர் இப்பெயரைக் கேட்டதும் முதலில் நினைப்பது அவனைத்தான் என்று அறிந்தபோது நமக்கு மனம் கசந்தது. ஹெப்டன்ஸ்டாலில் கல்லின் கீழ் உறங்கும் அத்தனை பேரும், ஹெட்டிங்லிக் கதவுக்கு உரியவரும், அவனுக்கு என்ன செய்வார்கள்?

கடல் கடந்து போன ஸட்கிளிப் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. பெர்ட் ஸட்கிளிப், 1923-ல் நியூஸிலாந்தில் பிறந்தவர்; இடது கை ஆட்டக்காரர். ஹெர்பர்ட்டிடம் இல்லை என்று ஜனங்கள் குறைப்பட்ட அழகு முழுவதும் இவரிடம் இருந்தது. 1953 டிசம்பர் 24-ந் தேதி இரவு, நியூஸிலாந்தில் டாங்கிவாய் என்ற இடத்தில், வெள்ளத்தில் பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்து 151 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் ஒருத்தி, பாப் பிளேர் என்னும் பந்து வீச்சாளர் மணக்கவிருந்த பெண். அவரோ கோஷ்டியோடு தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தார். 26-ந் தேதி ஆட்டம். வேகப்பந்து தலையில் பட்டு பெர்ட் ஸட்கிளிப் ஆஸ்பத்திரிக்குப் போனார். தலையில் கட்டோடு திரும்பி வந்து ஆடினார். ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. பிளேர் ஹோட்டலில் இருப்பதால் ஆட்டம் முடிந்தது என்று எல்லாரும் நடக்கத் தொடங்கினார்கள். அப்போது மைதானத்தின் வாயிலிலிருந்து பிளேர் இறங்கி வந்தார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது, சத்தமே இல்லை. ஸட்கிளிப் எதிரே போய் அவரை அழைத்து வந்தார். பத்து நிமிஷத்தில் இருவரும் 33 ரன் அடித்தார்கள். பெர்ட் ஆட்டமிழக்காமல் 80. அதில் ஏழு ஸிக்ஸர். நியூஸிலாந்து அந்தப் பந்தயத்தில் தோற்றது. எவ்வளவில் தோற்றது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த பெர்ட் நம் சென்னைக்கும் வந்தார். 1955 டிசம்பரில் டில்லியில் ஆட்டமிழக்காமல் 230 அடித்துவிட்டு, 1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் அவர் மைதானக் காவலில் நிற்க வேண்டியதாயிற்று. வினு மன்காட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். டெஸ்ட் பந்தயங்களில் அது ஐம்பத்திரண்டு வருஷம் முறியாமல் இருந்தது. மன்காட் அடித்தது 231. பெர்ட்டைவிட ஒன்று அதிகம்! வெயிலில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த பெர்ட்டுக்கு அந்த ஒரு ரன் உறைத்திருக்கும்.

கடைசித் தினம் நிட்டர்டேலுக்குப் போனோம். ஹாரோகேட்டிலிருந்து பஸ் போகிறது. நிட் என்பது சிறு ஆறு. நம் ஊர் வாய்க்காலைவிடச் சற்றே பெரியது. அதன் ஒரு கரையில் ஸம்மர்பிரிட்ஜ். மறு கரையில் டேக்கர் பாங்க்ஸ். ஹெர்பர்ட்டின் தகப்பனார் வில்லி இங்கேதான் கிரிக்கெட் ஆடினாராம். அவர் பெயர் எந்தக் கதவிலும் இல்லை. யார்க்ஷயர் மண்ணில் பிறந்தவனே யார்க்ஷயருக்கு ஆடலாம் என்று வெகு காலம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஹெர்பர்ட்டுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது இந்தக் கிராமத்து மண். அந்தக் கட்டுப்பாட்டை 1992-ல் தளர்த்தி, வெளிதேசத்திலிருந்து முதல் ஆட்டக்காரரை அழைத்தபோது, வந்து சேர்ந்தவர் பம்பாயிலிருந்து போன பத்தொன்பது வயதுப் பிள்ளை. பெயர் ஸச்சின் டெண்டுல்கர். அவரும் ஹெட்டிங்லியில், அந்த ஸட்கிளிப் கதவுகள் உள்ள மைதானத்தில்தான் ஆடினார்.

பாலத்தின்மேல் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூறல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.